மருந்து அடிச்சும் புழு ஏன் சாகலை?

"மருந்து அடிச்சும் புழு சாகலையே, போலி மருந்தா இருக்குமோ?" பருத்தி போட்டவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. மருந்து அசலாகவே இருக்கலாம். புழு மாறியிருக்கும். எப்படி மாறுகிறது என்பதை நாம் தெரிந்துகொள்வது நல்லது.

எந்த உயிரின் செல்லைச் சுற்றியும் மெல்லிய கொழுப்புச் சவ்வு உண்டு. சோடியம், பொட்டாசியம் போன்ற அயனிகள் அதைத் தாமாகக் கடக்க முடியாது. அவை போய்வரச் சவ்வில் புரதத்தாலான மடைகள் இருக்கின்றன. அயனி வாய்க்கால் என்று பெயர். நம்ம வயல் மடை மாதிரியே திறக்கும், மூடும். தவளைத் தசையில் தனியொரு மடை வழியே ஓடும் மின்னோட்டத்தை 1976இல் எர்வின் நேயரும் பெர்ட் சாக்மனும் அளந்து காட்டினார்கள். 1991இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

பூச்சியின் நரம்பில் சோடிய மடை கண்ணிமைக்கும் நேரத்துக்குள் திறந்து மூடிவிடும். டி.டி.டி.யும், சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற பைரெத்ராய்டு மருந்துகளும் அதை மூட விடாமல் பிடித்துக்கொள்கின்றன. நரம்பு ஓயாமல் துடித்து, பூச்சி சுருண்டு விழுகிறது. தேனீக்கும் அதே மடைதான், அதுவும் விழுகிறது.

இந்த மடை சுமார் 2,000 அமினோ அமிலங்கள் கோத்த மாலை. வீட்டு ஈயில் 1014ஆம் இடத்தில் ஒரே ஒரு மணி மாறினாலே மருந்தின் பிடி நழுவிவிடும். டி.டி.டி.க்குத் தப்பும் அந்த ஈ, டெல்டாமெத்ரினுக்கும் தப்பும். மற்றவை சாக, அதன் வாரிசுகள் பெருகும். 1987இல் ஆந்திரப் பருத்திக் காடுகளில் காய்ப்புழு பைரெத்ராய்டுக்கு அடங்கவில்லை. அங்கே மடை மாற்றத்தோடு, விஷத்தை உடைக்கும் நொதிகளும் சேர்ந்துகொண்டன.

"நம்மது இயற்கை மருந்துதானே" என்று அசந்துவிடாதீங்க. பைரெத்ரம் என்ற சாமந்தி இனப் பூவின் சாறும் இதே மடையைத்தான் பிடிக்கிறது. அசுவினியை 40 தலைமுறை வளர்த்துப் பார்த்த ஆய்வு ஒன்று 1995இல் வெளியானது. வேம்பிலிருந்து பிரித்த அசாடிராக்டினை மட்டும் தெளித்த கூட்டம் சுமார் 9 மடங்கு எதிர்ப்புப் பெற்றது. முழு வேப்பங்கொட்டைச் சாறு தெளித்த கூட்டம் பெறவில்லை. ஒரு பொருளுக்குத் தப்பலாம். பல பொருள் சேர்ந்து வந்தால் தப்புவது கடினம்.

அதனால் புட்டியில் வரும் ஒற்றைச் சாற்றை நம்பி இருக்காமல் வேப்பங்கொட்டையை நாமே இடித்து ஊற வைப்போம். வரப்பில் தட்டைப்பயறு போட்டால் பொறிவண்டு வரும். செண்டுமல்லி காய்ப்புழுவை இழுக்கும். பறவை உட்காரக் குச்சி நடுவோம். பறவையின் அலகுக்குத் தப்ப, புழுவுக்கு ஒரு மணி மாறினால் போதாது.