கீமோவுக்குப் பின் முளைக்கும் முடி: பராமரிப்பும் சாயமும் மார்க்கச் சட்டமும்

கீமோதெரபி முடித்து வீடு திரும்பும் ஒரு சகோதரியிடம் உறவினர்கள் கேட்கும் முதல் கேள்வி 'இப்ப உடம்புக்கு எப்படிம்மா இருக்கு?' என்பதுதான். இரண்டாவது கேள்வியை வாயால் கேட்பதில்லை. கண் மட்டும் மக்கனாவின் விளிம்பில் போய் நிற்கும். அந்தப் பார்வைக்குப் பயந்தே கல்யாண வீடுகளுக்கும் ஃபாத்திஹா வீடுகளுக்கும் போகாமல் ஒதுங்கிக் கொள்ளும் பெண்கள் நம் மஹல்லாக்களில் இருக்கிறார்கள். முடி கொட்டிவிடும் என்ற அச்சத்தில் சிகிச்சையையே தள்ளிப்போடுவோரும் உண்டு.

இது தொடர்பாக நம்மிடம் கேட்கப்படும் மஸ்அலாக்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. மகளுக்கு நிக்காஹ் வருகிறது, அதற்குள் சாயம் பூசலாமா? நரைத்து முளைக்கிறதே, கருப்பாக்கலாமா? விக் வைத்தால் தொழுகை கூடுமா? இவற்றில் பாதி மருத்துவம், பாதி ஃபிக்ஹ். இரண்டையும் பிரித்துப் பார்த்தால் பதில் தவறிப் போகும் என்பதால் இங்கே சேர்த்தே எழுதுகிறோம். மருத்துவ விஷயத்தில் இறுதி வார்த்தை உங்களுக்குச் சிகிச்சை தரும் மருத்துவருடையது.

முடி ஏன் கொட்டுகிறது?

கீமோ மருந்துகள் வேகமாகப் பிரிந்து பெருகும் செல்களைத் தாக்குகின்றன. புற்றுநோய் செல் அப்படிப்பட்டது. முடியின் வேரில் உள்ள செல்லும் அப்படிப்பட்டதே. தலைமுடியில் ஏறத்தாழ 85 முதல் 90 சதவீதம் எந்த நேரமும் வளர்ச்சிப் பருவத்தில் இருப்பதால் அடி அங்கேதான் அதிகம் விழுகிறது. டாக்ஸோரூபிசின், பாக்லிடாக்ஸெல், டோசிடாக்ஸெல் போன்ற மருந்துகளில் முதல் ஊசி போட்ட இரண்டு மூன்று வாரங்களில் தலையணையில் கொத்துக் கொத்தாக முடி தெரியும். சில மருந்துகளில் அடர்த்தி குறைவதோடு நின்றுவிடும். ஆகவே 'பக்கத்து வீட்டு ராத்தாவுக்குக் கொட்டவில்லை, எனக்கு மட்டும் ஏன்?' என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் மருந்துச் சீட்டில் இருக்கிறது. ஈமானின் ஏற்றத்தாழ்வை இதில் தேடுபவர்களை அன்போடு நிறுத்துங்கள்.

வேர் சாவதில்லை, வேலையை நிறுத்துகிறது, அவ்வளவே. சிகிச்சை முடிந்த மூன்று நான்கு வாரங்களில் பூனைமுடி போல மெல்லிய ரோமம் தோன்றும். அதன்பின் மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் என்ற கணக்கில் வளரும். ஆறு மாதத்தில் இரண்டு அங்குலம் அளவுக்கு வந்தால் அது இயல்பான வேகம். தலைக்கு அதிக அளவில் கதிர்வீச்சு கொடுக்கப்பட்டவர்களுக்கும், சில மருந்துகள் பெற்றவர்களில் ஒரு சிறு பகுதியினருக்கும் முடி முழுமையாகத் திரும்பாமல் போகலாம். மார்பகப் புற்றுநோய்க்குப் பின் ஆண்டுக்கணக்கில் எடுக்கும் டமாக்ஸிஃபென், லெட்ரோசோல் மாத்திரைகளும் முடியைச் சற்று மெலிய வைப்பதுண்டு. அதற்காக மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். மருத்துவரிடம் சொல்லுங்கள், வழி சொல்வார்.

திரும்ப வரும் முடி பழைய முடியாக இராது என்பதுதான் பலரைத் திடுக்கிட வைக்கிறது. நேராக இருந்தது சுருண்டு வரும். கருப்பாக இருந்தது சாம்பலாகவோ வெள்ளையாகவோ வரும். வேரில் நிறமி தயாரிக்கும் செல்களும் அடிபட்டு, மெல்ல வேலைக்குத் திரும்புவதே காரணம். பலருக்கு ஓராண்டு வாக்கில் பழைய நிறமும் தன்மையும் கணிசமாகத் திரும்பிவிடுகின்றன. எனவே முதலில் வரும் வெள்ளையைப் பார்த்து 'இனி இப்படித்தான்' என்று முடிவு கட்டி, அன்றே கடைக்கு ஓடி சாயம் வாங்கத் தேவையில்லை.

முதல் ஆறு மாதம்

தலைத்தோல் அப்போது குழந்தையின் தோல் போல இருக்கும். வாரம் இருமுறை, மணம் அதிகமில்லாத மென்மையான ஷாம்பு, வெதுவெதுப்பான தண்ணீர், துண்டால் ஒற்றி எடுத்தல், மெல்லிய பிரஷ். இவ்வளவு போதும். தேங்காய் எண்ணெயை விரல் நுனியில் தொட்டு இலேசாகத் தடவலாம். சூடாக்கிய எண்ணெயை ஊற்றி அரக்கித் தேய்ப்பதும், ஹேர் டிரையரும், இறுக்கிக் கட்டும் கொண்டையும் ஆகாது. வெயிலில் போகும்போது தலை மூடியிருக்க வேண்டும் என்பது மருத்துவ அறிவுரை. நம் பெண்களுக்கு அது சிரமமான காரியமல்ல. பருத்தித் துணியாக இருந்தால் உறுத்தாது.

வீட்டுப் பெரியவர்களின் வைத்தியங்களைப் பற்றி ஒரு வார்த்தை. வெங்காயச் சாறும் பூண்டு விழுதும் தேய்த்தால் முடி வரும் என்று உம்மாமார்கள் பாசத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் பச்சைப் பூண்டு நல்ல தோலையே பொத்துப்போக வைக்கும். சிகிச்சையில் இருப்பவரின் தோலில் ஏற்படும் புண் எளிதில் ஆறாது, கிருமி நுழைய வாசலாகும். 'இன்னொரு தடவை மொட்டை அடி, அடர்த்தியா வரும்' என்பதும் உண்மையில்லை. மழித்த முடியின் முனை தட்டையாக இருப்பதால் தடித்தது போலத் தோன்றுகிறதே தவிர வேர்களின் எண்ணிக்கை கூடுவதில்லை. சிகிச்சைக் காலத்தில் முடியை எடுக்க வேண்டி வந்தாலும் சவரக்கத்தி வேண்டாம், மின் டிரிம்மர் போதும். இரத்தத் தட்டணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் சிறு கீறலும் தொல்லை தரும்.

கருஞ்சீரக எண்ணெயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கருஞ்சீரகத்தின் சிறப்பு பற்றிய நபிமொழி ஸஹீஹானது, அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் கடையில் விற்கும் ஒவ்வொரு குப்பிக்கும், அதைத் தடவும் ஒவ்வொரு தோலுக்கும், ஒவ்வொரு நேரத்துக்கும் அந்த நபிமொழியை உத்தரவாதச் சீட்டாக ஒட்டுவது வியாபாரம். கருஞ்சீரக எண்ணெய் சிலருக்குத் தோல் ஒவ்வாமை உண்டாக்கும். கீமோ நடக்கும்போது அதைக் குடிப்பதாக இருந்தால் மருத்துவருக்குத் தெரியாமல் செய்யக்கூடாது. முடிக்காகச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரையும் அப்படியே. அது சில இரத்தப் பரிசோதனைகளின் முடிவையே தவறாகக் காட்டவல்லது. பரிசோதனைக்குப் போகுமுன் அதைப் பற்றிச் சொல்லிவிடுங்கள்.

சாயம் எப்போது, எது?

சிகிச்சை முடிந்து ஆறு மாதமாவது பொறுங்கள் என்பதே பொதுவாகத் தரப்படும் அறிவுரை. நிக்காஹ் தேதி அதற்கு முன் வந்தால் நிக்காஹுக்குச் சாயமில்லாமல் போகலாம். மக்கனா இருக்கிறது.

நிரந்தரச் சாயங்களில் பெரும்பாலானவற்றில் பாராஃபினைலின் டையமின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. சுருக்கமாக பிபிடி என்பார்கள். ஹைட்ரஜன் பெராக்சைடோடு சேர்ந்து அது கருப்பாக மாறுகிறது. ஒவ்வாமை உள்ளவருக்குத் தலைத்தோல் வெந்து, கண்ணிமை வீங்கி, முகமே அடையாளம் தெரியாமல் போகும் அளவுக்குக் கொண்டுவிடும். ஒருமுறை ஒவ்வாமை வந்தால் அது பெரும்பாலும் ஆயுளுக்கும் தொடரும். கல்யாண வீடுகளில் கையில் போடும் 'கருப்பு மெஹந்தி' கோன்களிலும் பிபிடி கலக்கப்படுவதுண்டு. அதைப் போட்டுக் கையில் எரிச்சலோ கொப்பளமோ வந்திருந்தால், தலைச் சாயத்தின் பக்கமே போகாதீர்கள்.

பலரும் ஏமாறுவது இங்கேதான். 'நான் டை போடல, மருதாணிதான் போட்டேன்' என்பார்கள். பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் பொருட்பட்டியலில் பிபிடி இருக்கும். நமக்குத் தெரிந்த ஒரு சகோதரி, கடைசி கீமோ முடிந்த ஆறாம் வாரம் 'மூலிகைக் கருப்பு ஹென்னா' என்றிருந்த பொடியைக் குழைத்துப் பூசினார். மறுநாள் இரண்டு கண்ணும் திறக்க முடியாமல் மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. இறைவன் காத்தான்.

அடையாளம் எளிது. மருதாணி இலையில் உள்ள லாசோன் என்ற நிறமி ஆரஞ்சு முதல் செம்பழுப்பு வரைதான் தரும். அதற்குக் கருப்பு தரத் தெரியாது. அரை மணி நேரத்தில் கருப்பாக்கும் பொடி எதுவும் தனி மருதாணியாக இருக்க முடியாது. தோட்டத்து இலையை அரைத்துக் கொள்வதே நிம்மதி. தேயிலைச் சாறு, எலுமிச்சை எதுவும் சேர்க்காமல் தண்ணீரில் குழையுங்கள், பிஞ்சுத் தோலில் எலுமிச்சை எரியும். தலை குளிர்ந்துவிடும் என்பதால் பகலில், குறைந்த நேரம் வைத்துக் கழுவுங்கள். வெள்ளை முடியில் முதல் நாள் பளீரென்ற ஆரஞ்சு தெரியும். இரண்டு நாளில் காற்றுப்பட்டு அது இருண்டு படியும், கலங்க வேண்டாம். இன்னும் அடர்ந்த நிறம் வேண்டுமென்போர் மருதாணிக்குப் பின் அவுரி இலைப்பொடி பூசுவது பழைய முறை. ஜி6பிடி குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டும் மருதாணியும் ஆகாது, இரத்தச் சிவப்பணுக்கள் உடையும் ஆபத்து உண்டு.

எந்தச் சாயமானாலும் முன்கூட்டி முழங்கையின் உட்புறத்திலோ காதின் பின்னோ சிறிது தடவி 48 மணி நேரம் கவனியுங்கள். தலையில் புண், சிவப்பு, செதில் இருந்தால் தள்ளிப்போடுங்கள்.

சாயம் பூசினால் புற்றுநோய் திரும்புமா என்றும் கேட்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, சாயத்தோடு நாள் முழுதும் வேலை செய்யும் சிகையலங்காரத் தொழிலாளர்களின் நிலையைப் 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற வகையில் வைத்தது. சொந்தத் தலைக்குப் பூசிக்கொள்வோர் விஷயத்தில் வகைப்படுத்தப் போதிய சான்று இல்லை என்றது. அச்சத்தில் நடுங்கவும் வேண்டாம், மாதாமாதம் பூசவும் வேண்டாம்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

நரைக்குச் சாயமிடுவது அனுமதிக்கப்பட்டது மட்டுமல்ல, ஆர்வமூட்டப்பட்டதும்கூட. மருதாணியும் கதம் என்ற செடியும் சிறந்த சாயங்களாக நபி (ஸல்) அவர்களால் சொல்லப்பட்டுள்ளன. மக்கா வெற்றியின்போது அபூபக்ர் (ரலி) அவர்களின் தந்தை அபூகுஹாஃபா, வெண்பூப் போன்ற தலையும் தாடியுமாகக் கொண்டுவரப்பட்டபோது அதை மாற்றுமாறும் கருப்பைத் தவிர்க்குமாறும் நபி (ஸல்) அவர்கள் கூறியதை முஸ்லிம் நூலில் காண்கிறோம். இதனால் தூய கருப்பு ஹராம் என்பது இமாம் நவவீ அவர்கள் ஷாஃபிஈ மத்ஹபில் உறுதிப்படுத்திய கருத்து. கணவருக்காக அலங்கரிக்கும் மனைவிக்கு அவர் அனுமதித்தால் கூடும் என்ற கருத்தும் அம்மத்ஹபின் அறிஞர்களிடம் உண்டு. ஹனஃபி மத்ஹபில் மக்ரூஹ் என்பது பரவலான கருத்து. இமாம் அபூ யூசுஃப் அவர்களிடம் சலுகை இருக்கிறது. செம்பழுப்பு, அடர் பழுப்பு நிறங்களில் இந்தக் கருத்து வேறுபாடே இல்லை. நோயாளிக்கு அதுவே மருத்துவ ரீதியாகவும் எளிது என்பதால் நாம் அதையே சொல்கிறோம்.

விக் விஷயம் இன்னும் நுட்பமானது. நோயால் முடி உதிர்ந்த ஒரு மணப்பெண்ணுக்காக அவளுடைய தாய் ஒட்டுமுடி கேட்டு வந்தார். நபி (ஸல்) அவர்கள் அனுமதிக்கவில்லை. புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள இந்தச் செய்தி நம் கேள்விக்கு மிக நெருக்கமானது, ஒதுக்க முடியாது. மனித முடியாலான விக் கூடாது என்பதில் நான்கு மத்ஹபுகளின் பெரும்பாலான அறிஞர்களும் உறுதியாக இருக்கிறார்கள். மனித முடியல்லாத செயற்கை இழையை ஹனஃபிகள் தடுக்கவில்லை. ஷாஃபிஈகளில் கணவரின் அனுமதியோடு மனைவிக்குக் கூடும் என்ற கருத்து உண்டு. மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்களுக்குத் தங்க மூக்கு அனுமதிக்கப்பட்டதை வைத்து, குறையை மறைப்பது வேறு, அழகைக் கூட்டி ஏமாற்றுவது வேறு என்று சமகால அறிஞர்கள் சிலர் விக்கை அனுமதிக்கிறார்கள். மாறாக, மேற்சொன்ன நபிமொழியே நோயாளியைப் பற்றியதுதான் என்று தடுப்பவர்களும் உண்டு. வீட்டுக்குள் மென்மையான தொப்பியோ துணியோ போதுமென்றால் பேணுதல் அதில் இருக்கிறது. செயற்கை விக் அணிந்த சகோதரியைக் கண்டால் சபையில் வைத்துத் தீர்ப்புச் சொல்ல யாருக்கும் வேலையில்லை. பெண் பார்க்கும் பேச்சு நடந்தால் மட்டும் நோயையும் முடியையும் மறைக்காமல் சொல்லிவிடுவது கடமை.

ஒளுவில் விக்கின்மேல் மஸ்ஹு செய்தால் கூடாது. மொட்டைத் தலையானாலும் ஈரக் கையைத் தோலில் தடவினால் நிறைவேறிவிடும். ஷாஃபிஈகளுக்குத் தலையில் ஒரு சிறு பகுதி போதும், ஹனஃபிகளுக்குக் கால்பகுதி. குளிப்புக் கடமையானால் விக்கைக் கழற்ற வேண்டும். மருதாணியின் நிறம் நீரைத் தடுக்காது, காய்ந்து ஒட்டிய விழுது தடுக்கும். முடி அடர்த்தியாகத் தெரிவதற்காகத் தூவும் இழைப்பொடிகளும் ஸ்ப்ரேகளும் படலமாக ஒட்டினால் அவையும் நீங்க வேண்டும். தண்ணீர் படக்கூடாது என்று மருத்துவர் சொன்ன நாட்களில் தயம்மும் இருக்கிறது. தலையில் காயம்பட்டவரைக் குளித்தே ஆகவேண்டும் என்று தோழர்கள் சொல்ல, குளித்து அவர் இறந்துபோன செய்தியையும், அப்படிச் சொன்னவர்களை நபி (ஸல்) அவர்கள் கண்டித்ததையும் அபூதாவூதில் படிக்கிறோம்.

கடைசியாக, குணமானதும் உம்ரா செல்ல நிய்யத் வைத்தவர்கள் கேட்பது: விரல்நுனி அளவு முடி வெட்டச் சொல்கிறார்களே, இருப்பதே ஒரு சென்டிமீட்டர்தானே? ஷாஃபிஈ மத்ஹபில் மூன்று முடியிலிருந்து சிறிது வெட்டினாலே இஹ்ராம் முடிந்துவிடும், விரல்நுனி அளவு என்பது சிறப்பு. ஹனஃபிகள் தம் மஹல்லா ஆலிமிடம் அளவைக் கேட்டுக்கொள்ளட்டும். ஷாஃபிஈ மத்ஹபில், தலையில் முடியே இல்லாதவருக்கு வெட்ட எதுவும் இல்லாததால் அந்தக் கடமையும் இல்லை. சிறிய கத்தரிக்கோல் ஒன்றைப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். விமானத்தில் கைப்பையில் அனுமதிக்காமல் போகலாம், பெரிய பெட்டியில் போடவும்.