இரண்டு தீவுகள், இரண்டு நீதிகள்
ஃபாக்லாந்து மக்களுக்காகப் போரிட்ட பிரிட்டன், சாகோஸ் மக்களைக் கப்பலேற்றி வெளியேற்றியது

1982 ஜூன் 14. தென் அட்லாண்டிக்கிலுள்ள ஃபாக்லாந்து தீவுகளில் அர்ஜென்டினா படை சரணடைந்தது. அங்கிருந்தவர்கள் சுமார் 1,800 பேர்தான். பெரும்பாலோர் பிரிட்டிஷ் வம்சாவளியினர். அவர்களுக்காக 13,000 கி.மீ. தூரம் கப்பற்படையை அனுப்பிய பிரிட்டன், 255 வீரர்களைப் பலிகொடுத்தது. தீவு மக்களின் விருப்பமே முக்கியம் என்றார் பிரதமர் மார்கரெட் தாட்சர்.

மூன்று வாரம் கழித்து, ஜூலை 7 அன்று, மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயியில் பிரிட்டன் வேறொரு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. சாகோஸ் தீவுகளிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களுக்கு 40 லட்சம் பவுண்ட் இழப்பீடு. பதிலுக்கு, இனி எந்த உரிமையும் கோரமாட்டோம் என்று அவர்கள் எழுதித்தர வேண்டும். ஆங்கிலச் சட்டமொழியில் இருந்த படிவங்களில், எழுதப் படிக்கத் தெரியாத பலர் கைநாட்டு வைத்தார்கள்.

கன்னியாகுமரிக்குத் தென்மேற்கே சுமார் 1,800 கி.மீ. தூரத்தில் இருக்கிறது டீகோ கார்சியா. சாகோஸ் கூட்டத்தில் இதுதான் பெரிய தீவு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தென்னந்தோப்பு வேலைக்காக ஆப்பிரிக்க அடிமைகளை இங்கே கொண்டுவந்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். 1814இல் தீவுகள் பிரிட்டன் வசமாயின. அடிமைமுறை ஒழிந்தபின் இந்தியாவிலிருந்து கூலிகள் போனார்கள். காலப்போக்கில் இவர்கள் தனக்கென ஒரு கிரியோல் மொழி கொண்ட தனிச் சமூகம் ஆனார்கள்.

அமெரிக்காவுக்கு ராணுவத்தளம் தேவைப்பட்டபோது அவர்கள் தலைவிதி மாறியது. மொரீஷியஸ் சுதந்திரம் பெறுவதற்கு மூன்றாண்டுகள் முன்பு, 1965இல், 30 லட்சம் பவுண்ட் கொடுத்து சாகோஸைத் தனியே பிரித்தது பிரிட்டன். மறு ஆண்டே அமெரிக்காவுடன் ஒப்பந்தம். போலாரிஸ் ஏவுகணை விலையில் பிரிட்டனுக்கு 1.4 கோடி டாலர் சலுகை என்பது அப்போது ரகசியம்.

ஒரே சிக்கல், அங்கே வாழ்ந்த மக்கள். நிரந்தரக் குடிகள் இருந்தால் ஐ.நா.வுக்குப் பதில் சொல்ல வேண்டும். அங்கிருப்பவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்களே என்று சொல்லிவிட லண்டன் அதிகாரிகள் முடிவுசெய்தார்கள். 'சில டார்ஜான்கள்' என்று 1966இல் ஒரு அதிகாரி கேலியாகக் குறிப்பெழுதினார்.

முதலில், மொரீஷியஸுக்கு வைத்தியத்துக்கும் உறவினரைப் பார்க்கவும் போனவர்களுக்குத் திரும்பிவரக் கப்பல் மறுக்கப்பட்டது. பிறகு உணவு வரத்து குறைந்தது. 1971இல் டீகோ கார்சியா மக்களின் நாய்களைக் கூட்டி அடைத்து, வண்டிப் புகையைச் செலுத்திக் கொன்றார்கள். 1973க்குள் எல்லாத் தீவுகளும் காலி. சுமார் 1,500 முதல் 2,000 பேர் வீடிழந்தார்கள். பெரும்பாலோர் ஒதுங்கியது போர்ட் லூயியின் சேரிகளில்.

ஃபாக்லாந்து மக்களுக்கு 1983இலேயே முழு பிரிட்டிஷ் குடியுரிமை கிடைத்தது. சாகோஸ்காரர்கள் அதற்கு 2002 வரை காத்திருந்தார்கள். ஒலிவியே பான்கூ என்ற எலெக்ட்ரீஷியன் தொடுத்த வழக்கில், வெளியேற்றம் சட்டவிரோதம் என்று 2000இல் லண்டன் உயர்நீதிமன்றம் சொன்னது. 2004இல் அரசி பெயரால் பிறப்பித்த ஆணையில் அரசு அந்த வெற்றியைப் பறித்தது. 2008இல் பிரபுக்கள் சபை நீதிபதிகள் 3-2 என்ற கணக்கில் ஆணையை ஆதரித்தார்கள்.

2019இல் சர்வதேச நீதிமன்றம் பிரிட்டனுக்கு எதிராகக் கருத்துச் சொன்னது. தொடர்ந்து ஐ.நா. பொதுச்சபையில் நடந்த வாக்கெடுப்பில் இந்தியா உள்பட 116 நாடுகள் மொரீஷியஸ் பக்கம் நின்றன. பிரிட்டன் பக்கம் ஆறே வாக்கு. இறையாண்மையை மொரீஷியஸிடம் ஒப்படைக்கவும், டீகோ கார்சியா தளத்தை 99 ஆண்டுக் குத்தகைக்கு வைத்துக்கொள்ளவும் 2025 மே 22 அன்று பிரிட்டன் கையெழுத்திட்டது.

யாரோடு இருக்க விருப்பம் என்று ஃபாக்லாந்து மக்களிடம் 2013இல் வாக்கெடுப்பு நடந்தது. பிரிட்டன் வேண்டாம் என்றவர்கள் மூன்றே பேர். சாகோஸ் மக்களிடம் 1965இலும் யாரும் கேட்கவில்லை. 2025 ஒப்பந்தத்துக்கு முன்பும் வாக்கெடுப்பு இல்லை.

2006இல் சுமார் 100 பேரைச் சில நாட்களுக்கு மட்டும் தீவுகளுக்கு அழைத்துப்போனது பிரிட்டன். எதற்காக? அவர்களுடைய முன்னோரின் கல்லறைகளைப் பார்த்துவர. நிரந்தரக் குடிகளே இல்லை என்று கோப்பில் எழுதப்பட்ட தீவுகளில்!