பெண்ணையாற்றுக்கு வடக்கே ஒரு வெளிநாடு

வெளிநாட்டுப் பயணம் என்றால் கப்பலும் ஆகாய விமானமும் பாஸ்போர்ட்டும் கண்முன் வந்து நிற்கின்றன. ஒரு மாதத்துக்கு முன்பே வீட்டில் மூட்டை கட்டத் தொடங்கிவிடுவார்கள். ஆனால், காலையில் பழையது சாப்பிட்டுவிட்டு வெளிநாடு போய், விளக்கு வைக்கும் நேரத்துக்குள் கடலூர்வாசிகள் வீடு திரும்பிய காலம் ஒன்று உண்டு. அது எந்த நாடு என்று கேட்கிறீர்களா? சுமார் 22 கிலோமீட்டர் வடக்கேயுள்ள புதுச்சேரிதான்!

1954 நவம்பர் 1ஆம் தேதி இந்தியாவின் வசம் வரும்வரை புதுச்சேரியும் காரைக்காலும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தன. சிதம்பரத்துக்காரர் நிலை இன்னும் விசேஷம். அவருக்கு வடக்கே புதுச்சேரி, தெற்கே காரைக்கால். எந்தப் பக்கம் புறப்பட்டாலும் வழியின் முடிவில் பிரெஞ்சுக் கொடி!

வெளிநாடு என்றாலும் அங்கும் தமிழ்தான் பேசினார்கள். அதே சாம்பார்தான் சாப்பிட்டார்கள். பெண் கொடுத்தவர்கள் இக்கரையில், எடுத்தவர்கள் அக்கரையில். ஆகவே சந்தைக்கும் சீமந்தத்துக்கும் சாவுக்கும் எல்லையைக் கடந்தாக வேண்டும்.

எல்லையும் ஒரே கோடாக இருந்ததா? இல்லவே இல்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தை விட்டுப் பெண்ணையாற்றைத் தாண்டிச் சென்றால் கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம் ஆகியவை புதுச்சேரியைச் சேர்ந்தவை. சற்றுத் தூரம் போனால் ரெட்டிச்சாவடி, அது தமிழ்நாடு. அதைத் தாண்டினால் தவளக்குப்பம்; மறுபடியும் புதுச்சேரி! அந்நாளில் ஒருவர் வண்டியில் அமர்ந்தபடியே வெளிநாடு போய், தாய்நாடு திரும்பி, மீண்டும் வெளிநாடு சென்றார். ஒரு தூக்கம் போட்டு எழுந்தவருக்குத் தாம் எந்த நாட்டில் இருக்கிறோம் என்பதே புரிந்திராது.

தபால் தலையிலும் ஒரு வேடிக்கை. இங்கே பன்னிரண்டு தம்படி ஓர் அணா, பதினாறு அணா ஒரு ரூபாய். பிரெஞ்சிந்தியத் தபால் தலைகளிலோ 24 காசு ஒரு பணம், 8 பணம் ஒரு ரூபாய். கூட்டிப் பாருங்கள், இரண்டு கணக்கிலும் ரூபாய்க்கு 192தான் வரும். ஆனால் தபால் தலை வாங்க நிற்கும்போது இத்தனை கணக்கு யாருக்கு ஓடும்?

கணக்குத் தவறினால் சில காசுகளோடு போயிற்று. சுங்கம் அப்படியல்ல. 1941இல் இரு அரசுகளும் சுங்க உடன்பாடு செய்துகொண்டதால் இடையில் சில ஆண்டுகள் தொல்லை குறைந்திருந்தது. 1949இல் அது முறிந்தது. 1948க்குள் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கும் வந்துவிட்டது. அங்கே கடையில் விற்ற பொருளை இங்கே கையில் வைத்திருப்பதே குற்றம். 1954இல் போய்வருவதற்கே அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற நிலை வந்தது. அத்தை வீட்டுக்குப் போக அரசாங்கத்தின் அனுமதி!

இந்தச் சில மைல்களின் விலை என்னவென்று ஒருவரைக் கொண்டு அறியலாம். மகாகவி பாரதியார் 1908இல் புதுச்சேரிக்குச் சென்றார். பத்து ஆண்டுகள் ஆங்கிலேயரின் கை அவரை எட்டவில்லை. 1918 நவம்பர் 20ஆம் தேதி அவர் எல்லையைக் கடந்தார். கடலூர் அருகே கைதானார். டிசம்பர் 14ஆம் தேதிதான் விடுதலையானார். நமக்குச் சந்தைக்குப் போகும் பாதையாக இருந்தது, அவருக்குச் சிறைக்குப் போகும் பாதையாயிற்று.

1954 அக்டோபர் 18ஆம் தேதி கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தனர். 170 பேர் இந்தியாவுடன் இணையலாம் என்றனர்; 8 பேர் கூடாது என்றனர். சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்டு 16ஆம் தேதி முழுமை பெற்றது. நாடு ஒன்றாயிற்று, ஆனால் கோடு முற்றும் அழியவில்லை. புதுச்சேரி இன்று யூனியன் பிரதேசம். மது விஷயத்தில் அங்கே ஒரு சட்டம், இங்கே ஒரு சட்டம்.

சென்ற கோடையில் புதுச்சேரியிலிருந்து சிதம்பரத்துக்குப் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். கடலூருக்கு முன்னால் வண்டி நின்றது. ஒரு போலீஸ்காரர் ஏறினார். என் பையில் சித்திக்காக வாங்கிய ஒரு பாட்டில் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது.

“என்ன சார் இது?”

“நன்னாரி சர்பத்துங்க.”

அவர் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. “வெயிலுக்கு நல்லது சார்” என்று திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கினார். பதற்றத்தில் நான் மூடியைச் சரியாகத் திருகவில்லை. சிதம்பரத்தில் இறங்கும்போது பாதி சர்பத் பையில்; கொஞ்சம் பக்கத்திலிருந்தவர் வேட்டியில்! மன்னிப்புக் கேட்டேன்.

“பரவாயில்லை தம்பி” என்றார் அந்தப் பெரியவர். “எங்க அப்பா காலமா இருந்தா இதுக்கே சுங்கம் கேட்டிருப்பான்.”

மீதி சர்பத்தைச் சித்தியிடம் சேர்த்தேன். பாதி பாட்டிலின் கதையைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “அடுத்த தடவை சிதம்பரத்திலேயே வாங்கிக்கோடா!”