‘கோளாறு எதுவும் இல்லை’ என்று திரும்பி வந்த கணினி

அடியோடு இயங்காத கணினியால் பெரிய தொல்லை இல்லை. கடைக்குத் தூக்கிச் சென்றால் யாரும் வாதாட மாட்டார்கள். வாரத்துக்கு இரண்டு முறை மட்டும் காலை வாரிவிட்டு, மற்ற நேரமெல்லாம் சமர்த்தாக இருக்கும் கணினிதான் ஆளைப் படுத்தி எடுக்கும். பல் மருத்துவர் வாசலை மிதித்ததும் பல்வலி நின்றுவிடுவதுபோல, கடைக்காரர் முன்னால் அது ஒரு தவறும் செய்யாது.

சென்ற ஆண்டு மார்ச்சில் 4,380 வெள்ளிக்கு ஒரு மேசைக்கணினி வாங்கினேன். மாதம் 365 வெள்ளி வீதம் 12 மாதத் தவணை. வார நாள்களில் எனக்கு அலுவலக வேலை. வார இறுதியில் திருமணக் காணொளிகளைத் தொகுத்துக் கொடுப்பேன். பிள்ளைகளின் வீட்டுப்பாடம், குடும்பக் கணக்கு எல்லாம் அதே கணினியில்தான்.

ஒன்பதாம் நாள் நீலத்திரை வந்தது. பிறகு, முன்னறிவிப்பு இல்லாமல் கணினி தானாக நின்று மறுபடி தொடங்கியது. காலையில் வராது. இரண்டு மூன்று மணி நேரம் ஓடிய பிறகே வரும். ஏப்ரலில், செங்காங் வீட்டிலிருந்து அந்தப் பெட்டியைக் குழந்தையைப்போல மடியில் வைத்துக்கொண்டு டாக்சியில் கடைக்குப் போனேன். இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, ‘கோளாறு காணப்படவில்லை’ என்று அச்சிட்ட ஒரு தாளோடு திருப்பித் தந்தார்கள். சோதனைக் கட்டணம் 80 வெள்ளி. குளிரூட்டிய அறையில் அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தார்களாம்.

மே மாதம் இரண்டாம் முறை போனேன். விண்டோஸை அழித்துப் புதிதாக நிறுவினார்கள். அங்கிருந்த தம்பி, கணினியின் நிகழ்வுப் பதிவில் ‘கெர்னல்-பவர் 41’ என்ற வரியைக் காட்டி, “மேடம், இது உங்கள் வீட்டு மின்சாரத்தில் உள்ள பிரச்சினை” என்றார். பெயரில் ‘பவர்’ இருப்பதால் பலரும் அப்படி நினைத்துக்கொள்கிறார்கள். கணினி முறைப்படி மூடப்படாமல் நின்றுபோனது என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. ஏன் நின்றது என்று அது சொல்லாது. எதற்கும் வேறு அறையில், வேறு மின்செருகியில் மாட்டிப் பார்த்தேன். அங்கும் அதே கதைதான்.

இதுவரை எரிச்சல் மட்டும்தான். மே மாதக் கடைசியில்தான் பயம் வந்தது. ஒரு திருமணத்தின் தாலி கட்டும் காட்சியை ஓடவிட்டபோது, நடுவில் பச்சைக் கட்டங்கள் பாய்ந்து படம் சிதறியது. நல்லவேளையாக, காணொளியை ஒப்படைக்கும்வரை கேமராவின் நினைவு அட்டைகளை அழிக்கும் பழக்கம் எனக்கு இல்லை. அட்டையில் காட்சி பழுதில்லாமல் இருந்தது. கணினிக்கு வந்த படி மட்டும் கெட்டிருந்தது.

காரணத்தை எனக்கு விளக்கியவன் என் அண்ணன் மகன். பலதுறைத் தொழிற்கல்லூரியில் கணினிப் பொறியியல் படிக்கிறான். ஒரு கோப்பைப் படியெடுக்கும்போது அது ரேம் எனப்படும் நினைவகத்தின் வழியாகத்தான் போகிறது. அங்கே ஒரு பிட் புரண்டுவிட்டால், கெட்டுப்போன கோப்பு எந்த எச்சரிக்கையும் இல்லாமல் வட்டில் பதிவாகிவிடும். சாதாரண மேசைக்கணினிகளில் இந்தப் பிழையை முழுமையாகக் கண்டறியும் நினைவகம் பெரும்பாலும் இருப்பதில்லை. அப்படியானால் நீலத்திரை அவ்வளவு மோசமில்லை, அதுவாவது வாய்விட்டுச் சொல்கிறது!

ஒரு சனிக்கிழமை முழுவதும் அவனோடு உட்கார்ந்தேன். ‘மெம்டெஸ்ட்86’ என்ற இலவசச் செயலியை யுஎஸ்பி விரலியில் ஏற்றி, விண்டோஸ் இல்லாமலே கணினியைத் தொடங்கி நினைவகத்தைச் சோதித்தோம். மூன்றாவது மணி நேரத்தில் சிவப்பு வரிகள் வந்தன. எனக்கு அதுவே போதும் என்றிருந்தது. அவன் விடவில்லை.

“இருங்க அத்தை. கெட்டது ரேமா, அது உட்கார்ந்திருக்கிற ஸ்லாட்டான்னு இன்னும் தெரியலையே.”

இருந்தவை இரண்டு 32 ஜிபி துண்டுகள். ஒன்றை மட்டும் முதல் ஸ்லாட்டில் வைத்து ஓட்டினோம், பிழை இல்லை. அதையே மற்ற ஸ்லாட்டில் வைத்தபோது பிழை வந்தது. இரண்டாவது துண்டும் அப்படியே. துண்டை மாற்றினாலும் பிழை அந்த ஸ்லாட்டை விட்டு நகரவில்லை. ஆக, இரண்டு துண்டுகளும் ஒன்றுபோலக் கெட்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. சந்தேகம் மதர்போர்டு மேல்தான்.

இன்னொரு காரியமும் செய்தான். கடையில் பூட்டும்போதே நினைவகத்தை 6000 வேகத்தில் ஓடும்படி அமைத்திருந்தார்கள். விளம்பரத்தில் போடும் அந்த வேகம், செயலியின் அதிகாரபூர்வ வேகத்தைவிடக் கூடுதல். நாளைக்கு “நீங்கள்தான் வேகத்தைக் கூட்டிவிட்டீர்கள்” என்று சொல்லக்கூடும் அல்லவா? இயல்பு வேகத்துக்குக் குறைத்து மறுபடி ஓட்டினோம். அதே ஸ்லாட்டில் பிழை வந்தது. நேரம் தெரியும்படி ஒவ்வொரு திரையையும் கைப்பேசியில் படம் எடுத்தேன். விண்டோஸில் உள்ள ‘ரிலயபிலிட்டி மானிட்டர்’ என்ற பக்கம் ஒவ்வொரு முறிவையும் நாள்வாரியாகச் சிவப்புக் குறியிட்டுக் காட்டும். அதையும் சேமித்துக்கொண்டேன்.

விட்டுவிட்டு வரும் கோளாறை நம் பிரமை என்று ஒதுக்குவோருக்கு ஒரு செய்தி. இன்டெல் நிறுவனத்தின் 13, 14ஆம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகள் சில நிலைகுலைவதாகப் பயனாளர்கள் பல மாதங்கள் புகார் செய்தார்கள். 2024ல்தான், தேவைக்கு அதிகமான மின்னழுத்தம் அதற்குக் காரணம் என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது. திருத்தம் வெளியிட்டதோடு உத்தரவாதத்தையும் 2 ஆண்டுகள் நீட்டித்தது. என் கணினியில் இருந்தது அந்தச் செயலி அல்ல. ஆனால், அந்தப் பயனாளர்களில் எத்தனை பேர் கையில் ‘கோளாறு இல்லை’ என்ற தாள் இருந்திருக்குமோ!

ஜூன் மாதம் மூன்றாம் முறை போனேன். படங்களைப் பார்த்த கடைக்காரர், “மதர்போர்டு என்றால் தயாரிப்பாளரின் சேவை நிலையத்துக்குப் போங்கள். ஆறு வாரம் ஆகும்” என்றார். அதற்குள் நான் சட்டத்தைப் படித்திருந்தேன்.

நம் ஊரில் ‘லெமன் சட்டம்’ என்று சொல்லப்படுவது, பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாயமான வர்த்தகம்) சட்டத்தின் ஒரு பகுதி. 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி, பொருள் கைக்கு வந்த 6 மாதங்களுக்குள் குறை தெரிந்தால், அது விற்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். அப்படி இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் விற்பனையாளர். 6 மாதம் தாண்டிவிட்டால் அந்தச் சுமை நம் தலைக்கு மாறிவிடும். மாதக்கணக்கில் இழுத்தடிக்கும்போது யாருக்கு லாபம் என்பது புரிகிறதா?

பொறுப்பு விற்றவருடையது. அவர் நியாயமான காலத்துக்குள், நமக்குப் பெரிய சிரமம் இல்லாமல் பழுதுபார்க்க வேண்டும், அல்லது மாற்றித்தர வேண்டும். உதிரிபாகச் செலவும் கூலியும் அவருடையவை. அது நடக்காதபோது விலைக்குறைப்போ பணத்தைத் திரும்பப் பெறுவதோ கேட்கலாம். வாங்கும்போதே சொல்லப்பட்ட குறைக்கும், நாமே கெடுத்ததற்கும் இது பொருந்தாது. முழுக்க முழுக்க வர்த்தகத்துக்காக வாங்கிய பொருளுக்கும் பொருந்தாது. “நீங்கள் வேலைக்குத்தானே வாங்கினீர்கள்?” என்று கடைக்காரர் அந்த வழியிலும் நுழையப் பார்த்தார். ரசீது என் சொந்தப் பெயரில் இருந்தது, பிள்ளைகளின் கோப்புகள் கணினியிலேயே இருந்தன.

அங்கே நின்று சத்தம் போடவில்லை. அன்றிரவே மின்னஞ்சல் எழுதினேன். மூன்று முறை வந்த தேதிகள், அவர்கள் தந்த தாள்கள், படங்கள், பதில் தர 14 நாள் அவகாசம். இல்லையென்றால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தின் உதவியை நாடுவேன், பிறகு சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம். அங்கே 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை எடுத்துக்கொள்கிறார்கள். வழக்கறிஞர் வைத்து வாதாட முடியாது. 5,000 வெள்ளிக்கு உட்பட்ட தொகைக்குப் பயனீட்டாளர் கட்டும் கட்டணம் 10 வெள்ளிதான். சம்பவம் நடந்த 2 ஆண்டுகளுக்குள் இணையம் வழியாகவே தாக்கல் செய்யலாம்.

“கடைக்காரனோடு மல்லுக்கட்டி உன் உடம்பைக் கெடுத்துக்காதே” என்றார் என் கணவர். அவர் அக்கறை எனக்குப் புரிந்தது. ஆனால் தவணை இன்னும் எட்டு மாதம் பாக்கி.

பத்தாம் நாள் கடையிலிருந்து அழைத்தார்கள். புதிய மதர்போர்டு இரண்டு நாளில் மாட்டித் தரப்பட்டது. இந்த முறை எங்கள் கண்முன்னே நினைவகச் சோதனையை ஓட்டச் சொன்னேன். அண்ணன் மகன் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஐந்து மணி நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். புதிய பாகத்துக்கான உத்தரவாதம் அன்றிலிருந்து தொடங்கும் என்று எழுதி வாங்கினோம். 80 வெள்ளியும் திரும்பி வந்தது. டாக்சிச் செலவைக் கேட்டேன், கொடுக்கவில்லை.

அன்றிலிருந்து ஒரு நீலத்திரைகூட வரவில்லை. அதற்குமுன் படியெடுத்த எல்லாக் கோப்புகளையும் நினைவு அட்டைகளோடு ஒப்பிட்டபோது 11 காட்சிகள் கெட்டிருந்தன. அனைத்தையும் மறுபடி எடுத்துத் தொகுத்தேன். திருமணக் காணொளி ஐந்து வாரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. மணப்பெண் நன்றி சொல்லிச் செய்தி அனுப்பினார். அவருடைய அம்மா பாக்கித் தொகையில் 200 வெள்ளியைக் குறைத்துக்கொண்டார்.