குப்பைமேட்டில் கிடைத்த கோலி சோடாப் புட்டி

லண்டனைச் சேர்ந்த ஹைரம் காட் என்னும் எஞ்சினியர் 1872-இல் காப்புரிமை பெற்ற கோலிப் புட்டியின் விசேஷம், தக்கையின் உதவியின்றியே, உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தம் கண்ணாடிக் கோலியைக் கழுத்திலுள்ள ரப்பர் வளையத்தோடு இறுக அணைத்து வாயை அடைத்துவிடுவதேயாகும். நம்மூர்க் கோலி சோடாவின் மூதாதை இதுவே.

கோலிக்கு ஆசைப்பட்ட சிறுவர்கள் உடைத்தெறிந்தமையால் (அவர்களைக் குறை கூறுவதற்கில்லை) முழுப் புட்டி அகப்படுவது துர்லபம்; தப்பியவற்றைத் தேடுவோர் நாடுவது பழைய குப்பைமேடுகளையே. விக்டோரியா ராணியின் காலத்து இல்லங்கள் அடுப்புச் சாம்பலோடு கழித்துவிட்ட பொருள்களெல்லாம் ஊர்ப்புறப் பள்ளங்களில் கொட்டப்பட்டுக் காலக்கிரமத்தில் மண்மூடிப் போக, அந்தச் சாம்பல் படிவங்களைத் தேடித் தோண்டுவதையே பொழுதுபோக்காகக் கொண்ட ரசிகர் கூட்டம் ஒன்று பிரிட்டனில் உண்டு. கிடைத்த புட்டியில் அச்சின் பாதிகள் இணைந்த கோடு உதட்டுக்குக் கீழேயே நின்றுவிட்டால் வாயால் ஊதிய புட்டியென்றும், உதட்டின் மேலும் ஏறியிருந்தால் இயந்திரம் வார்த்த, பெரும்பாலும் 20-ஆம் நூற்றாண்டுப் புட்டியென்றும் அவர்கள் நிர்ணயிப்பர்.

புதைந்த கண்ணாடியில் தோன்றும் வானவில் நிறம் ஈரமண் பல்லாண்டு அரித்ததன் விளைவு. அதனை மெருகிட்டு நீக்குவது எமக்கு உடன்பாடன்று.

நில உரிமையாளரின் அனுமதியின்றித் தோண்டுதல் தகாது. குழியின் சுவர் சரியக்கூடுமாதலால் தனியே இறங்குதலும் கூடாது.