குறுக்கு வில்லும் காட்டின் கஜானாவும்

அமெரிக்க மான் வேட்டையில் ஒரு வரவு செலவு வழக்கு

கி.பி. 1139-ஆம் ஆண்டு. ரோமாபுரியில் கத்தோலிக்க மத மகாசபை கூடியது. வில்லாளிகளும் குறுக்கு வில்லாளிகளும் கிறிஸ்தவர்கள் மீது தங்கள் வித்தையைக் காட்டக் கூடாது என்று சபை தடை விதித்தது. தடையை யார் சட்டை செய்தார்கள்? 60 ஆண்டுகளுக்குப் பின், 1199-ல், இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்டு பிரான்ஸ் நாட்டில் ஒரு கோட்டையை முற்றுகையிட்டார். குறுக்கு வில்லிலிருந்து பாய்ந்த அம்பு அவர் தோளில் தைத்தது. புண் புரையோடி மன்னர் மாண்டார். "சிங்க நெஞ்சன்" என்று பெயரெடுத்தவருக்கு ஒரு சின்னஞ்சிறு அம்பு எமனாக வந்தது!

அந்த மகாசபை வில்லையும் குறுக்கு வில்லையும் ஒரே தட்டில் வைத்தது. இரண்டும் ஒரே இனமா, வேறு வேறு இனமா என்ற சச்சரவு இப்போது அமெரிக்காவில் நடக்கிறது. போர்க்களத்தில் அல்ல, மான் காட்டில்! வில் வேட்டைக்கென்று ஒதுக்கிய பருவத்தில் குறுக்கு வில்லையும் அனுமதிக்கலாமா என்பதே வழக்கு. வீரம், மரபு, நியாயம் என்று பலவும் இதில் பேசப்படுகின்றன. ஆனால் அடியில் இருப்பது பணம். காட்டைக் காக்கும் செலவை யார் கொடுப்பது என்ற கேள்விதான் வழக்கின் உயிர்நாடி.

இரண்டு வில்களுக்கும் என்ன வித்தியாசம்?

சாதாரண வில்லில் நாணை இழுத்துப் பிடித்தபடியே குறி பார்க்க வேண்டும். தோள் தளர்ந்தால் குறி தப்பும். குறுக்கு வில் அப்படியல்ல. துப்பாக்கிக் கட்டை போன்ற ஒரு தண்டின் முனையில் வில்லைக் குறுக்கே பொருத்தியிருப்பார்கள். நாணை ஒரு முறை இழுத்துக் கொக்கியில் மாட்டிவிட்டால் அது அங்கேயே நிற்கும். பிறகு தோளில் அணைத்து, ஆற அமரக் குறி பார்த்து, விசையைத் தட்ட வேண்டியதுதான்.

வேட்டைக்காரர்கள் வழக்கமாகப் பிடிக்கும் வில்லின் இழுப்பு 50 முதல் 70 ராத்தல். குறுக்கு வில்லின் இழுப்பு 150, 200 ராத்தல் வரை போகும். கயிறு போட்டு இழுத்தால் பளு பாதியாகும். கைப்பிடியைச் சுழற்றி நாணை ஏற்றும் கருவி இருந்தால் எழுபது வயதுக் கிழவரும் ஏற்றிவிடலாம்.

"இது வில்லே அல்ல, சத்தம் போடாத துப்பாக்கி" என்கிறார்கள் எதிர்ப்பாளர்கள். இது முழு உண்மையல்ல. குறுக்கு வில்லின் அம்பு குட்டையானது. காற்றில் வேகம் இழந்துவிடும். பொறுப்புள்ள வேட்டைக்காரர் 30, 40 கஜத்துக்கு அப்பால் குறி வைக்கத் தயங்குவார். துப்பாக்கிக்கோ அந்தத் தூரம் விளையாட்டு.

இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். இரு முனைகளிலும் உருளைகள் வைத்து, முழுவதும் இழுத்த பின் பளு குறையும்படி செய்த வில்லுக்கு 1969-ல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. ஹாலிஸ் வில்பர் ஆலன் என்பவரின் கண்டுபிடிப்பு அது. அப்போதும் பழைய வில்லாளிகள் முகம் சுளித்தார்கள். இன்று வில் பருவத்தில் காட்டுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் கையில் இருப்பது அந்த வில்தான்!

பருவத்துக்கு ஏன் இந்தப் போட்டி?

அமெரிக்காவில் மான் வேட்டைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். துப்பாக்கிக்கு ஒரு பருவம், வில்லுக்கு ஒரு பருவம். வில் வேட்டைக்கென்று தனிப் பருவம் முதன்முதலில் ஏற்பட்டது விஸ்கான்சின் மாநிலத்தில், 1934-ல். அங்கே துப்பாக்கிப் பருவம் நவம்பரில் பிரதானமாக 9 நாட்கள். வில் பருவமோ செப்டம்பர் நடுவிலிருந்து ஜனவரி வரை நீளும். வில்லால் மானை வீழ்த்துவது கடினம் என்பதால் இந்தச் சலுகை.

நாலு மாதச் சலுகையில் குறுக்கு வில்காரரும் பங்கு கேட்கிறார். சச்சரவு அங்கேதான் பிறக்கிறது.

காட்டுக்குப் படியளப்பவர் யார்?

1972-ஆம் ஆண்டு வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வேட்டையே குற்றமாகிவிட்ட நாட்டில் வாழும் நமக்கு, இது விசித்திரமாகத் தோன்றும். அமெரிக்காவில் வன விலங்கு இலாகாக்களின் வரவில் பெரும் பங்கு வேட்டைக்காரர் பையிலிருந்து வருகிறது.

முதல் வரவு, லைசென்ஸ் கட்டணம். இரண்டாவது வரவு, ஆயுத வரி. 1937-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட பிட்மன் - ராபர்ட்சன் சட்டத்தின்படி, துப்பாக்கி, தோட்டாக்கள் மீது வசூலாகும் வரி பொதுக் கஜானாவில் கலக்காமல் வன விலங்குகளுக்கே போகிறது. 1972-ல் செய்த திருத்தம் வில், அம்புக் கருவிகளையும் இந்த வலையில் சேர்த்தது. வில்லுக்கு வரி 100-க்கு 11. தயாரிப்பாளர் 500 டாலருக்கு ஒரு வில்லை விற்றால் 55 டாலர் காட்டுக்கு!

இந்தப் பணத்தை மாநிலங்களுக்குப் பங்கிடும் விதம்தான் முக்கியம். வன விலங்குப் பங்கில் பாதி, மாநிலத்தின் பரப்பைப் பொறுத்தது. மறுபாதி, அங்கே பணம் கட்டி லைசென்ஸ் வாங்கியவர்களின் தலைக்கணக்கைப் பொறுத்தது. மாநிலம் தன் பங்காக 25 டாலர் போட்டால் மத்திய சர்க்கார் 75 டாலர் தரும். லைசென்ஸ் பணத்தை வேறு இலாகாவுக்குத் திருப்பினால் இந்த உதவி கிடையாது.

ஆகவே ஒரு வேட்டைக்காரர் வில்லைப் பரணில் போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தால், இலாகாவுக்கு மூன்று வகையில் நஷ்டம். அவருடைய கட்டணம் போயிற்று. பங்கீட்டில் ஒரு தலை குறைந்தது. அவர் வாங்கியிருக்கக்கூடிய அம்பு, கருவிகளின் வரியும் போயிற்று. காவலர் சம்பளம், நிலம் வாங்குதல், மான் கணக்கெடுப்பு எல்லாம் இந்தப் பணத்தில்தான் ஓட வேண்டும்.

தேய்ந்துவரும் கூட்டம்

1982-ல் அமெரிக்காவில் சுமார் 1 கோடியே 70 லட்சம் பேர் வேட்டையாடினார்கள். 2011-ல் அது 1 கோடியே 37 லட்சம். 2016-ல் 1 கோடியே 15 லட்சம். அதே காலத்தில் நாட்டின் ஜனத்தொகை 23 கோடியிலிருந்து 32 கோடியாகப் பெருகியது! 2022-ல் எடுத்த கணக்கு 1 கோடியே 44 லட்சம் என்று சொன்னாலும், எண்ணும் முறையே மாறிவிட்டதால் இரண்டையும் ஒப்பிட்டு மகிழ இடமில்லை.

வேட்டைக்காரர்களில் கணிசமானவர்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிறந்த தலைமுறை. அவர்களுக்கு வயதாகிவிட்டது. தோள்மூட்டு வலிக்கிறது. 60 ராத்தல் வில்லை இழுக்க முடியவில்லை. ஆசை இருக்கிறது, பணம் இருக்கிறது, லைசென்ஸ் வாங்க மனமும் இருக்கிறது, தோள்தான் மறுக்கிறது. குறுக்கு வில் இவர்களுக்கு ஊன்றுகோல்.

இன்னொரு வகையினரும் உண்டு. சாதாரண வில்லில் கை தேர மாதக்கணக்கில் பழக வேண்டும். வேலைக்கும் குடும்பத்துக்கும் இடையில் திணறுகிறவர்களுக்கு அவ்வளவு அவகாசம் ஏது? குறுக்கு வில்லைச் சில நாட்களில் கற்றுக்கொள்ளலாம்.

மான்கள் காத்திருக்குமா?

வேட்டைக்காரர்கள் குறைகிறார்கள், மான்கள் குறையவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைவால் மான்கள் சில லட்சமாகச் சுருங்கியிருந்தன. பாதுகாப்பும் பராமரிப்பும் அவற்றைக் கோடிக்கணக்காக்கிவிட்டன.

மான் எவ்வளவு வேகமாகப் பெருகும் என்பதற்கு மிச்சிகன் மாநிலத்தில் ஓர் அத்தாட்சி உண்டு. அங்கே 1,100 ஏக்கருக்குச் சற்று அதிகமான நிலத்துக்கு வேலி போட்டு, 1928-ல் 4 பெண் மான்களையும் 2 ஆண் மான்களையும் விட்டார்கள். 1933-ல் எண்ணிப் பார்த்தபோது 160!

மான் பெருகினால் பயிர் போகும். காட்டில் முளைக்கும் கன்றுகள் மேயப்பட்டு, மரங்களின் அடுத்த தலைமுறையே இல்லாமல் போகும். சாலையில் ஆபத்து வேறு. அமெரிக்காவில் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேலான வாகன மோதல்கள் விலங்குகளால் நேருகின்றன. அவற்றில் பெரும்பாலானவை மான்கள். மனித உயிர்களும் போகின்றன. காருக்குப் பழுது, இன்ஷூரன்ஸ் நஷ்டஈடு, ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் ஜனங்கள் தலையில்தான் விடிகின்றன.

வீடுகள் நெருங்கிய புறநகர்களில் துப்பாக்கி சுட முடியாது. அங்கே மானைக் கட்டுப்படுத்த வில் ஒன்றே வழி. வில் பிடிப்பவர் குறைந்தால் அந்த வழியும் அடைபடும்.

ஒஹையோ காட்டிய வழி

ஆர்கன்சா மாநிலம் 1973-லும் ஒஹையோ மாநிலம் 1976-லும் குறுக்கு வில்லுக்குக் கதவைத் திறந்தன. மான் இனமே பூண்டோடு அழியும் என்று பயந்தவர்கள் உண்டு. நடந்தது என்ன? ஒஹையோவில் சாதாரண வில்லைவிடக் குறுக்கு வில்லால் வீழ்த்தப்படும் மான்களே அதிகம் என்ற நிலை வந்தது. ஆயினும் மான் குறையவில்லை. 2009-10 பருவத்தில் எல்லா ஆயுதங்களாலும் சேர்த்து அங்கே வேட்டையாடப்பட்ட மான்கள் 2,61,260. அத்தனை மான் கிடைக்க வேண்டுமானால் காட்டில் எத்தனை இருந்திருக்கும்!

அதே ஒஹையோவில் ஹார்ட்டன், டென்பாயிண்ட் போன்ற குறுக்கு வில் தொழிற்சாலைகள் முளைத்தன. சட்டம் கதவைத் திறந்தது. உள்ளூர்த் தொழிலாளிக்கு வேலை கிடைத்தது. பருவம் மாதக்கணக்கில் நீளுவதால் சிற்றூர் விடுதி, பெட்ரோல் கடை, இறைச்சி வெட்டிக் கொடுக்கும் கடை எல்லாவற்றுக்கும் வியாபாரம் பரவலாக நடக்கும். ஒரு வாரக் கூட்டத்தை நம்பிக் கடை நடத்துவது கடினம் என்பது எந்த ஊர்க் கடைக்காரருக்கும் தெரியும்.

பென்சில்வேனியாவும் மிச்சிகனும் 2009-ல் பின்தொடர்ந்தன. அதுவரை முதியோருக்கும் ஊனமுற்றோருக்கும் மட்டும் இடம் கொடுத்த விஸ்கான்சின், 2014-ல் எல்லோருக்கும் அனுமதி தந்தது. மினசோட்டா 2023-ல் அதே வழிக்கு வந்தது.

மறுபக்கம் சொல்வது என்ன?

மரபு கெடுகிறது என்பது ஓர் ஆட்சேபம். 1961-ல் தோன்றிய போப் - யங் சங்கம் வில் வேட்டைச் சாதனைகளைப் பதிவு செய்கிறது. குறுக்கு வில்லால் வீழ்த்திய மானுக்கு அதன் ஏட்டில் இடமில்லை. இது அவர்கள் உரிமை. சாதனை ஏட்டுக்கு ஒரு விதி இருக்கட்டும். சர்க்கார் கணக்குக்கு வேறு விதி இருக்கலாம்.

பலமான ஆட்சேபம் வேறு. "புதிய ஆட்கள் வரவில்லை, சாதாரண வில் பிடித்தவர்களே குறுக்கு வில்லுக்கு மாறினார்கள்" என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. விஸ்கான்சினில் குறுக்கு வில் ஏற ஏறச் சாதாரண வில் இறங்கியது. குறுக்கு வில் பருவத்தைக் குறுக்க வேண்டும் என்ற பேச்சும் அங்கே எழுந்தது.

30 வயது இளைஞர் வில்லை மாற்றினால் லைசென்ஸ் வரவு கூடாது. ஒரு புது வில்லின் வரி மட்டும் கிடைக்கும். ஆனால் 62 வயதுக்காரர் மாறினால்? மாறாவிட்டால் அவர் அடுத்த ஆண்டே ஓய்வு பெற்றிருப்பார். அவர் இன்னும் பத்து ஆண்டு லைசென்ஸ் வாங்குவது இலாகாவுக்கு ஆதாயம். பேரனையும் கூட அழைத்துவந்தால் அது வட்டி!

மேற்கே வேறு கணக்கு

இந்த வாதம் அமெரிக்கா முழுவதற்கும் பொருந்தாது. மேற்கு மாநிலங்களில் எல்க் என்னும் பெரிய மானுக்கு வேட்டைக்காரர் கூட்டம் அதிகம். அனுமதிச் சீட்டு குறைவு. பல இடங்களில் குலுக்கல் போட்டுத்தான் கொடுக்கிறார்கள். குறுக்கு வில் வந்தாலும் வராவிட்டாலும் சீட்டு முழுவதும் விற்றுவிடும். வரவு ஏறாது, விலங்குதான் கூடுதலாக விழும். பிறகு சீட்டைக் குறைக்க வேண்டிவரும். கொலராடோவும் ஐடஹோவும் வில் பருவத்தில் பொதுவாகக் குறுக்கு வில்லை அனுமதிக்கவில்லை. ஒரேகான் எந்தப் பருவத்திலுமே சேர்க்கவில்லை. அவர்கள் கணக்கில் அது சரி.

ஆனால் மான் மிஞ்சி, ஆள் குறைந்து, கஜானா வற்றும் கிழக்கு மாநிலங்களில் கதை வேறு. பாம்பும் சாக வேண்டும், தடியும் முறியக் கூடாது என்பார்கள். மானும் கட்டுக்குள் இருக்க வேண்டும், மானைக் காக்கும் பணமும் வந்துகொண்டிருக்க வேண்டும். இரண்டுக்கும் உதவும் கருவியை மரபின் பெயரால் வெளியே நிறுத்துவது கட்டுபடியாகாது.

தயங்கும் மாநிலங்கள் முதலில் முதியோருக்குத் திறந்து பார்க்கலாம். குறுக்கு வில் லைசென்ஸைத் தனியாக எண்ணலாம். எத்தனை பேர் மாறினார்கள், எத்தனை பேர் புதிதாக வந்தார்கள், எத்தனை பேர் ஓய்வு பெறாமல் நின்றார்கள் என்று மூன்று பத்தியில் எழுதிப் பார்த்தால் ஐந்தாறு ஆண்டுகளில் விடை தெரிந்துவிடும். மான் குறைந்தால் ஆளுக்கு இத்தனை என்ற வரம்பைக் குறைக்கும் அதிகாரம் இலாகாவிடம் இருக்கவே இருக்கிறது. விலகிப்போன வேட்டைக்காரரைத் திரும்ப அழைத்துவரும் அதிகாரம்தான் எந்த இலாகாவிடமும் இல்லை!