துப்பாக்கி லைசென்ஸும் பயிர்க் காவலும்

காட்டோரக் கிராமங்களிலுள்ள சங்கங்களைப் பார்வையிடச் செல்லும்போதெல்லாம், கணக்குப் புஸ்தகங்களை மூடிவைத்த மாத்திரத்தில் அங்கத்தினர்கள் கேட்கும் கேள்விகளுள் ஒன்று, "பன்றி விரட்ட ஒரு துப்பாக்கி வைத்துக்கொள்ள வேண்டும், ஐயா, அதற்கு யாருக்கு எழுதிப்போட வேண்டும்?" என்பதாகும். நிலக்கடலையும் மரவள்ளியும் மக்காச்சோளமும் விளையும் புஞ்சையில் ஒரு பன்றிக் கூட்டம் ஓர் இரவு புகுந்து சென்றால், நான்கு மாதப் பாடும் சங்கத்தில் வாங்கிய பயிர்க் கடனும் மண்ணோடு மண்ணாகின்றன. ஆகையால் இக்கேள்வி நியாயமானதே. ஆயினும், விடை தெரியாமலே துப்பாக்கியை வைத்துக்கொண்டிருப்பவர் அடையும் நஷ்டம், பன்றியால் அடையும் நஷ்டத்தினும் பெரிதாக இருத்தல் கூடும்.

அத்தகைய கிராமம் ஒன்றில், ஒரு தவணையும் தவறாத அங்கத்தினர் ஒருவர் திடீரென்று பாக்கிதாரர் ஆனார். காரணத்தை விசாரித்தேன். அவருடைய தகப்பனார் காலஞ்சென்று மூன்று வருஷங்களாகியும், அவர் லைசென்ஸு பெற்று வைத்திருந்த துப்பாக்கி வீட்டுப் பரணிலேயே கிடந்தது. பட்டா தம் பெயருக்கு மாறியதைப்போலத் துப்பாக்கியும் தம்மை வந்தடைந்து விட்டதாக மகன் எண்ணியிருந்தார். போலீஸார் லைசென்ஸுகளைச் சரிபார்க்க வந்தபொழுது துப்பாக்கி கைப்பற்றப்பட்டது. அவர்மீது வழக்கும் ஏற்பட்டது. அவர் அதனால் ஒரு காக்கையைக்கூடச் சுட்டவரல்லர். ஆயினும், விதைக்கும் உரத்துக்கும் வாங்கிய பணம் வக்கீலுக்கும் வழிச் செலவுக்கும் போயிற்று. "அப்பா வைத்திருந்ததுதானே, ஐயா?" என்று அவர் என்னைக் கேட்டார். அக்கேள்விக்கு விடையாகவே இதனை எழுதலானேன்.

துப்பாக்கி குடும்பச் சொத்தாக இருக்கலாம். லைசென்ஸு ஒருநாளும் குடும்பச் சொத்தாகாது. அது ஒரு மனிதருக்கு, ஒரு காரியத்துக்கு, ஒரு காலவரைக்கு அளிக்கப்படும் அனுமதியாகும். அம்மனிதர் மறைந்தாலும், அக்காரியம் மாறினாலும், அக்காலம் கடந்தாலும் அனுமதி இல்லை. இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை யாவும் எளிதில் விளங்கும்.

சட்டம்

1878-ம் வருஷத்திய ஆயுதச் சட்டத்தை நீக்கி, 1959-ல் செய்யப்பட்ட ஆயுதச் சட்டம் 1962 அக்டோபர் முதல் அமலில் இருந்துவருகிறது. மனு, பாரங்கள், விசாரணை முதலியவை 2016-ம் வருஷத்திய ஆயுத விதிகளில் கூறப்பட்டுள்ளன. 2019-ல் செய்யப்பட்ட திருத்தத்தால், முன்பு மூன்று வருஷமாயிருந்த லைசென்ஸுக் காலம் ஐந்து வருஷமாயிற்று. ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டன. லைசென்ஸின்றித் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு விதிக்கப்படும் சிக்ஷையும் அத்திருத்தத்தால் கூடியுள்ளது. அது இப்பொழுது இரண்டு வருஷத்துக்குக் குறையாமலும் ஐந்து வருஷம் வரையிலும் சிறைவாசமும், அதனோடு அபராதமும் ஆகும். பரணில் துருப்பிடித்துக் கிடந்தாலும் அது துப்பாக்கியே என்பதை மறத்தலாகாது.

யாருக்குக் கிடைக்கும்?

மனுதாரருக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். பலாத்காரம் அல்லது ஒழுக்கக் கேடு சம்பந்தமான குற்றத்துக்காகத் தண்டனை அடைந்தவர், அத்தண்டனைக் காலம் முடிந்து ஐந்து வருஷம் கழியும் வரையில் துப்பாக்கி வைத்திருத்தல் கூடாது. நன்னடக்கை ஜாமீன் எழுதிக்கொடுத்தவர் அந்த ஜாமீன் காலம் முடியும் வரையில் வைத்திருத்தல் கூடாது. சித்த சுவாதீனமில்லாதவருக்கும் லைசென்ஸு கிடையாது.

இவ்விடத்தில் நமது அங்கத்தினர்கள் முக்கியமாக அறிய வேண்டியது ஒன்றுண்டு. போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்தால் எவருக்கும் லைசென்ஸு மறுக்கப்படலாகாது என்று சட்டமே கூறுகிறது. "பத்து ஏக்கர் உள்ளவருக்குத்தான் கொடுப்பார்கள்" என்று ஊரில் சொல்வதற்குச் சட்டத்தில் ஆதாரமில்லை. ஓர் ஏக்கர் உடையவரும் மனுச் செய்யலாம்.

எந்தத் துப்பாக்கி?

உண்மையான பயிர்க் காவலுக்காகக் கேட்பவருக்குச் சட்டம் முதலில் குறிப்பிடுவது, குழலின் முன்வாய் வழியாக மருந்தும் ரவையும் இட்டு இடித்து நிரப்பும் பழைய மாதிரித் துப்பாக்கியே. அது போதாதென்று லைசென்ஸு வழங்கும் அதிகாரி திருப்தியடைந்தால், குழலின் உட்புறம் வழவழப்பாயுள்ள வேறு வகைத் துப்பாக்கிக்கு அனுமதி அளிக்கலாம். ஆகையால் தோட்டாத் துப்பாக்கி வேண்டுவோர், பழைய மாதிரி ஏன் போதாது என்பதை மனுவிலேயே காரணத்தோடு எழுதவேண்டும்.

மனுவும் அத்தாட்சிகளும்

மனுவை ஜில்லா கலெக்டருக்கும், போலீஸ் கமிஷனர் உள்ள நகரங்களில் அவருக்கும் அதற்குரிய பாரத்தில் செய்யவேண்டும். உடன் வைக்கும் காகிதங்கள் பல என்று அஞ்சுவாருண்டு. ஒவ்வொரு காகிதமும் அதிகாரி கேட்கும் ஒரு கேள்விக்கு விடை என்று கருதினால் அச்சம் நீங்கும்.

"இவர் யார், எங்கே வசிக்கிறார்?" என்பதற்கு அடையாள அத்தாட்சியும் வசிப்பிட அத்தாட்சியும் போட்டோக்களும் விடை. "வயது நிரம்பியவரா?" என்பதற்குப் பிறந்த தேதிக்குரிய அத்தாட்சி. "உடலும் மனமும் நலமா?" என்பதற்கு டாக்டரின் சர்ட்டிபிகேட்டு. "துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளத் தெரியுமா?" என்பதற்குப் பயிற்சி பெற்றதன் அத்தாட்சி. "பயிர்க் காவல் என்பது உண்மையா?" என்பதற்குப் பட்டா, சிட்டா, அடங்கல் நகல்கள், முன்பு பயிர் அழிந்தது குறித்து வனத்துறைக்கோ ரெவினியூ அதிகாரிகளுக்கோ செய்துகொண்ட முறையீடுகளின் நகல்கள் இருந்தால் அவையும்.

மனுக்கள் பெரும்பாலும் தடைப்படுவது பெரிய காரணங்களால் அன்று, பெயர் வித்தியாசத்தால்தான். ஆதார் அட்டையில் ஒரு விதமாகவும், பட்டாவில் வேறு விதமாகவும், தகப்பனார் பெயரின் முதலெழுத்து மற்றொன்றில் இல்லாமலும் இருப்பது நம் கிராமங்களில் சர்வ சாதாரணம். மனுச் செய்யுமுன் இவற்றை ஒத்துப்பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும். பட்டா இன்னும் இறந்தவர் பெயரிலோ பங்காளிகள் பெயரிலோ கூட்டாக இருந்தால், முதலில் அதைச் சரிசெய்வது நலம். மனு எழுதித் தருவதாகச் சொல்லும் எவரிடமும் வெற்றுத்தாளில் கையொப்பம் இடலாகாது. கட்டணத்தைத் தாமே செலுத்தி, ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். முன்பு ஏதேனும் வழக்கு இருந்திருந்தால் அதை மறைக்காமல் எழுதவேண்டும். மறைத்தது பின்னர்த் தெரிந்தால், கிடைத்த லைசென்ஸும் ரத்தாகும்.

விசாரணை

மனு வந்ததும் அருகிலுள்ள போலீஸ் ஸ்டேஷன் அதிகாரியின் அறிக்கை கேட்கப்படும். அவர் அதை 30 நாட்களுக்குள் அனுப்பவேண்டும். ரெவினியூ அதிகாரிகளிடம் விசாரிப்பதும் வழக்கம். அறிக்கை கிடைத்தபின் முடிவு செய்யவும் விதிகள் காலவரை குறித்துள்ளன. மனு மறுக்கப்பட்டால் அதன் காரணத்தை அதிகாரி எழுத்தில் பதியவேண்டும். பொதுநலனுக்குப் பாதகம் என்று அவர் கருதினாலன்றி, மனுதாரர் கேட்டால் அதன் சுருக்கத்தையும் தரவேண்டும். அவ்வுத்தரவின்மேல் அப்பீல் உண்டு. அதற்குக் காலவரை உண்டாகையால், உத்தரவு கைக்கு வந்த தேதியை உடனே குறித்துவைக்க வேண்டும்.

சரணாலயத்துக்கு 10 கிலோமீட்டருக்குள் உள்ள கிராமங்களுக்கு மற்றொரு நிபந்தனையும் உண்டு. தலைமை வன உயிரினப் பாதுகாவலரின் முன்சம்மதமின்றி அங்கே புது லைசென்ஸு வழங்கப்படலாகாது. இத்தகைய கிராமத்தார் தாமதத்தை எதிர்பார்த்தே மனுச் செய்யவேண்டும்.

லைசென்ஸு கிடைத்த பின்

துப்பாக்கியை லைசென்ஸு பெற்ற வியாபாரியிடமிருந்தோ, சட்டப்படி விற்க உரிமையுள்ளவரிடமிருந்தோ மாத்திரமே வாங்கவேண்டும். நமது சங்கத்தில் பாஸ் புஸ்தகமும் லெட்ஜரும் ஒத்திருக்கவேண்டுவது போல, துப்பாக்கியில் பொறித்துள்ள நம்பரும் லைசென்ஸில் எழுதியுள்ள நம்பரும் ஒத்திருக்கவேண்டும்.

புதுப்பிக்கும் தேதியைக் கடன் தவணைத் தேதியைப் போல் நினைவில் வைத்து, காலம் முடிவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே மனுச் செய்து ரசீது பெறவேண்டும். லைசென்ஸுதாரர் வயோதிகராயிருந்து, பழுதுபார்க்கவோ புதுப்பிக்கவோ மகன் துப்பாக்கியை எடுத்துச் செல்ல நேர்ந்தால், லைசென்ஸுதாரரும் உடன் போகவேண்டும். இல்லாவிடில் அவர் எழுத்தில் கொடுத்த அதிகாரக் கடிதம் மகன் கையில் இருக்கவேண்டும். "ஓர் இரவுக்குத்தானே" என்று அண்டை வயல்காரருக்கு இரவல் கொடுப்பது கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் குற்றமாகும். துப்பாக்கியைத் தோட்டா நீக்கிப் பூட்டி வைக்கவேண்டும். தோட்டாக்களை வேறிடத்தில் பூட்டவேண்டும். களவு போனாலும் காணாமற் போனாலும் உடனே போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக்கொடுக்க வேண்டும். தேர்தல் முதலிய சமயங்களில் ஒப்படைக்கும்படி உத்தரவானால், ரசீதின்றி ஒப்படைக்கலாகாது.

லைசென்ஸுதாரர் இறந்தால், வாரிசுகள் துப்பாக்கியைக் காலதாமதமின்றிப் போலீஸ் ஸ்டேஷனிலாவது, விதிகளுக்குட்பட்டு லைசென்ஸு பெற்ற வியாபாரியிடமாவது ஒப்படைக்க வேண்டும். பின்னர் வாரிசுகளில் ஒருவர் தம் பெயரில் லைசென்ஸு பெற்று அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அல்லது உரிமையுள்ள ஒருவருக்கு விற்றுப் பணத்தை எடுத்துக்கொள்ளலாம். விதித்த காலத்துக்குள் இரண்டும் செய்யாவிடில் அது சர்க்காருக்குப் பறிமுதலாகும். மேலே சொன்ன அங்கத்தினர் தகப்பனாரின் கருமாதி முடிந்த வாரத்தில் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஒருமுறை நடந்திருந்தால், வழக்கும் இல்லை, பாக்கியும் இல்லை.

லைசென்ஸு எதற்கு அனுமதியன்று?

இதுவே பலர் அறியாதது. ஆயுத லைசென்ஸு துப்பாக்கியை வைத்திருக்க அனுமதியே தவிர, வன விலங்கைக் கொல்ல அனுமதியன்று. கொல்வதைப் பற்றி விதிப்பது 1972-ம் வருஷத்திய வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். 2022-ல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி காட்டுப்பன்றி அச்சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் உள்ளது. பயிருக்கு அபாயமாகிவிட்ட அவ்வட்டவணை விலங்கை வேட்டையாட, தலைமை வன உயிரினப் பாதுகாவலரோ அவரால் அதிகாரம் பெற்ற அதிகாரியோ காரணம் காட்டி எழுத்தில் உத்தரவிட வேண்டும். அவ்வுத்தரவின்றிச் சுட்டவர் தண்டிக்கப்பட்டால், கோர்ட்டார் அவருடைய ஆயுத லைசென்ஸையும் ரத்துசெய்து, ஐந்து வருஷம் வரை மறுபடியும் பெறமுடியாதபடி உத்தரவிடலாம்.

கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்களின் உத்தரவின்பேரில் லைசென்ஸுதாரர்களைக் கொண்டு பன்றி சுடும் ஏற்பாடு செய்யப்பட்டதை எல்லையோரக் கிராமத்தார் கேள்விப்பட்டிருப்பர். அது தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது. 2025 ஜனவரியில் தமிழ்நாட்டு சர்க்கார் அறிவித்த ஏற்பாட்டின்படி, காப்புக் காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடலாகாது; ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடவேண்டும்; மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் மாத்திரமே சுடலாம். அதுவும் பயிற்சி பெற்ற வனத்துறையாரே சுடவேண்டும். குடியானவர் சுடுதல் கூடாது. கண்ணி, வெடிக்காய், வீட்டு மின்சாரத்தை இழுத்துக் கட்டும் கம்பி ஆகியவை சட்ட விரோதமானவை. அதனினும் மேலாக, அவை நம் ஆடுமாடுகளையும், இருட்டில் தண்ணீர் கட்டப்போகும் மனிதரையும் பலிகொள்பவை.

ஆலோசனை

ஆகையால், துப்பாக்கி வாங்க நினைக்கும் அங்கத்தினர் முதலில் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும்: பணம் செலவிட்டு, பாரம் எழுதி, ஐந்து வருஷத்துக்கொருமுறை புதுப்பித்து, ஒவ்வொரு நாளும் பூட்டிக் காத்து, கடைசியில் பன்றியைச் சுடவும் அனுமதியில்லாத ஒரு கருவி, நமக்கு எவ்வளவு தூரம் உதவும்? அவசியமென்று கண்டால் மேற்சொன்ன முறைப்படி மனுச் செய்க. பயிர் அழிந்தால் மறுநாளே வனத்துறைக்கு எழுத்தில் முறையிட்டு, நஷ்டஈட்டுக்கு மனுச் செய்து, நகலை வைத்துக்கொள்க. அந்நகல் லைசென்ஸு மனுவுக்கும் உதவும்.

எல்லாவற்றினும் மேலானது கூட்டு முயற்சி. பத்துக் குடியானவர்கள் தனித்தனியே பத்துத் துப்பாக்கி வாங்கும் செலவில், பத்துப் புஞ்சைகளையும் சுற்றி ஒரே வேலி அமைக்கலாம். முறை வைத்துக்கொண்டு இரவுக் காவல் இருக்கலாம். சூரிய சக்தி வேலி அமைப்பதானால் அதற்கும் சர்க்கார் 2023-ல் விதிகள் செய்திருப்பதால், முதலில் வனத்துறை அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

ஒவ்வொரு சங்கத்தின் காரியதரிசியும் அடுத்த பொதுக்கூட்டத்தில் இதனைப் படித்துக்காட்டி, இறந்தவர் பெயரிலோ காலம் கடந்த லைசென்ஸின் பேரிலோ எந்த வீட்டிலாவது துப்பாக்கி இருக்குமாயின், அதை உடனே ஒப்படைத்து ரசீது பெறும்படி அவ்வீட்டாருக்கு எடுத்துரைப்பாராக. அந்த ரசீது ஒரு துண்டுக் காகிதமே. ஆயினும் ஒரு குடும்பத்தின் ஒரு போக விளைச்சலைக் காப்பது அதுவாக இருக்கலாம்.